சொந்தப் பாட்டுக்காரர் மியூசிக் வீடியோ டைரக்டராக மாறுவது: ஒகேனக்கல் ஷூட், லிப் சிங்க், ஒப்பந்தம்

பம்பை_பென்னாகரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பம்பை வாசிப்பேன், பாடுவேன், சொந்த மெட்டில் சுயாதீனப் பாட்டுகள் வெளியிட்டு வருகிறேன். திருநம்பி. இனி மற்றவர்கள் பாட்டுக்கு மியூசிக் வீடியோ இயக்குவதைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். காட்ட ஒரு வீடியோ வேண்டுமே, அதனால் முதலில் என் பாட்டுக்கே ஒன்று. 3 நிமிடம் 50 விநாடி, 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி). இரண்டு ஆண்களின் காதல்தான் கதை. ஒகேனக்கல், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்பு, கடைசியில் கூத்து மேடை. இரண்டு நாள் ஷூட், ஒரு மிர்ரர்லெஸ் கேமரா.

லிப் சிங்க் ஒழுங்காக வர என்ன செய்யணும்? இந்த இடங்களில் எதில் மாட்டிக்கொள்வோம்? அடுத்தவர் பாட்டுக்கு வேலை வந்தால் பேப்பரில் என்னென்ன எழுதி வாங்கணும்? கடைசியாக, "குயர் டைரக்டர்" என்று பெயர் விழுந்தால் மற்ற வேலை வருமா, வராதா?

கட்டிங்_டேபிள்:

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

விநாடிக்கு 24 பிரேம் வேண்டாம், 25-இல் எடுங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட்டும் பழைய மேடை விளக்கும் துடிக்காது. இன்னொரு லாபம், 1500-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை பிரேம் என்று வந்துவிடும். உங்க பாட்டுக்கு 15. நாலு அடி ஒரு சுற்று, 60 பிரேம். டைம்லைனில் 60-க்கு ஒரு மார்க்கர் போட்டுவிட்டு ஸ்டோரிபோர்டை அதன் மேல் எழுதலாம். மொத்தம் கிட்டத்தட்ட 96 சுற்று. எந்தச் சுற்றில் யார் முகம், எந்தச் சுற்றில் தண்ணீர் என்பது ஷூட்டுக்கு முன்பே பேப்பரில் இருந்தால் பாதி எடிட் முடிந்த மாதிரி. வாத்தியக்காரர் டைரக்டராக வரும்போது கையோடு கொண்டுவருகிற மூலதனம் இந்தக் கணக்குதான். மற்றவர்கள் இதைப் பழக வருஷக்கணக்கு ஆகும்.

ஆனால் அதே காது குழியிலும் தள்ளும். தாளம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு அடிக்கும் கட் போடுவார்கள். ஒரு நிமிடத்தில் பார்க்கிறவனுக்கு அலுத்துவிடும். கட் சரியாக அடி மேல் விழாமல் 1 அல்லது 2 பிரேம் முன்னாடி விழுந்தால், புதுப் படத்தைக் கண் வாங்கி முடிக்கும்போது அடி வந்து சேரும். பல்லவிக்கு நீள ஷாட், சரணத்தில் துண்டு என்று மாற்றிப் பாருங்க.

கிளிக் (காதில் ஒலிக்கும் தாள அடி) இல்லாமல் ரெக்கார்ட் செய்த பம்பை, பறை என்றால் 15 பிரேம் கணக்கு நடுவழியில் நழுவும். முதலில் டெம்போ மேப் போடுங்க, அதாவது எந்த இடத்தில் வேகம் எவ்வளவு என்று குறிச்சுக்குங்க.

ஸ்பாட்டில் ஒலிக்க எம்பி3 கொண்டு போகாதீங்க. அந்த என்கோடரே ஆரம்பத்தில் சில பத்து மில்லி செகண்ட் வெற்று ஒலியைச் சேர்க்கும், பிளேயருக்குப் பிளேயர் அது வேறுபடும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல், பாட்டுக்கு முன் 8 கிளிக். சரணத்துக்குத் தனி ஃபைல், பல்லவிக்குத் தனி ஃபைல், ஒவ்வொன்றிலும் 8 கிளிக். முழுப் பாட்டையும் ஓட்டி ஓட்டி எடுத்தால் பாடுகிறவருக்குத் தொண்டை போகும், பேட்டரியும் போகும்.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுவது. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகும். ஒரு பிரேம் 40 மில்லி செகண்ட், அதற்குள் 13.6 மீட்டர். ஸ்பீக்கர் கேமரா பக்கத்தில், பாடுகிறவர் 30 மீட்டர் தள்ளிப் பாறை மேல் என்றால் உதடு 2 பிரேம் பின்னால் வரும். ஸ்பீக்கரைப் பாடுகிறவர் காலடியில், ஃபிரேமுக்கு வெளியே வையுங்க. கேமரா மைக் தூரத்தில் இருந்தால் அந்த 2 பிரேமை எடிட்டில் தள்ளிக்கொள்ளலாம், தூரத்தை மட்டும் ஸ்லேட்டில் எழுதணும்.

புளூடூத் இயர்பட் இன்னும் மோசம். 150 முதல் 250 மில்லி செகண்ட் தாமதம், அதாவது 4 முதல் 6 பிரேம். அதிலும் கேமரா மைக்குக்குப் பாட்டே கேட்காது, எதை வைத்துச் சேர்ப்பீங்க? ஒயர் உள்ள இயர்போன், ஸ்பிளிட்டர் போட்டு ஒரு கிளை சின்ன ரெக்கார்டருக்கு. அருவி பக்கத்தில் ஸ்பீக்கர் எடுபடாது, இதுதான் வழி.

பம்பை ஷாட்டில், பாட்டில் வாசித்தவரே ஷூட்டிலும் வாசிக்கணும். உதடு ஒரு பிரேம் தப்பினால் ஊருக்குத் தெரியாது, குச்சி ஒரு பிரேம் தப்பினால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தோல் மேல் துணி போட்டு அமுக்கினால் அவருக்குப் பாட்டு காதில் விழும். க்ளோஸப்பில் மட்டும் துணியை எடுங்க.

ஓசூர்_லைட்மேன்:

தம்பி, இடம் பத்திச் சொல்றேன்.

ஒகேனக்கல்லுக்கு தை முதல் சித்திரைக்குள்ள போயிடுங்க. மழைக்காலத்துல கர்நாடக அணையில திறந்துவிட்டா ஆத்துத் தண்ணிய அளக்கிற பிலிகுண்டுலுல நீர்வரத்து ஏறும். ஏறினா பரிசலுக்கும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுடும். காலையில அறிவிப்பு வந்தா அன்னிக்கு ஷூட் காலி. முந்தின நாள் சாயங்காலம் நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடின்னு கேட்டுக்கிட்டு வண்டி எடுங்க. ரெண்டு நாள்ல ஒகேனக்கல்லை முதல் நாள் வையுங்க. தடை வந்தா தோப்பை முன்னாடி தள்ளி, அடுத்த நாளாவது பார்க்கலாம்.

அங்க ஆறுதான் எல்லை. பரிசல்ல எதிர்க்கரை போயி டிரைபாட் ஊனினா அது வேற மாநிலம், வேற வனத்துறை. நம்ம பக்கத்துலயும் காப்புக்காடு இருக்கு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லயும் காவிரி தெற்கு 2022-லயும் அறிவிச்சது. ரெண்டும் சேர்ந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி காட்டுல ஒரு பெரிய பகுதி உள்ள வந்துடுச்சு. சரணாலயத்துக்குள்ள படம் எடுக்க 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி தனி. கலெக்டர் ஆபீஸ் கடிதத்தைக் காட்டினா ரேஞ்சர் விடமாட்டார். ரெண்டும் வேற வேற பேப்பர்.

ட்ரோன் ஆசை இருந்தா, 2021 விதிப்படி 250 கிராமுக்குள்ள இருக்கிற நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேணாம். அதுக்கு மேல, காசுக்குச் செய்யிற வேலைன்னா சான்றிதழ் உள்ள ஆள் வேணும். கிளம்பும் முன்ன, ட்ரோன் எங்க பறக்கலாம்னு அரசாங்கம் காட்டுற டிஜிட்டல் ஸ்கை மேப்புல அந்த இடம் என்ன நிறம்னு பாருங்க. பச்சையா இருந்தாலும் காடு காடுதான், வனத்துறை அனுமதியில்லாம ஏத்தாதீங்க. அணைக்கட்டு மேலயும் வேண்டாம்.

பரிசல்ல ஜிம்பல் (கேமரா ஆடாம பிடிக்கிற மோட்டார் கைப்பிடி) கொண்டு போகாதீங்க. பரிசல் சுத்திக்கிட்டே போகும், ஜிம்பல் அதை நேராக்கப் பார்த்துத் திணறும். கையில புடிச்சு 24 எம்எம் லென்ஸ் போதும். கேமராவை ரெயின் கவர்ல மூடி, லென்ஸ் துணி பத்தாவது எடுத்துக்குங்க. சாரல்ல ஒரு துணி ரெண்டு ஷாட்டுக்குத்தான் தாங்கும். பள்ளத்துல வெயில் தாமதமாத்தான் இறங்கும், ஆறு மணி கால்ஷீட் போட்டு ஒன்பது மணி வரைக்கும் இட்லி சாப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நிழல்லயே சீன் வெச்சிருந்தா மட்டும் ஆறு மணி.

மாந்தோப்புல ரெண்டு பேர்கிட்ட அனுமதி. தோப்புக்காரர் ஒருத்தர், காய் குத்தகை எடுத்தவர் ஒருத்தர். பங்குனியில இருந்து காய் முடியிற வரைக்கும் தோப்பு குத்தகைக்காரர் கையில, காவல்காரர் உள்ள விடமாட்டார். தை, மாசியில பூ. அழகா இருக்கும், ஆனா மருந்து அடிக்கிற நாளா இருந்தா கண் எரியும், அதைக் கேட்டுட்டுப் போங்க. இலை வழியா வர வெளிச்சம் பச்சை. கறுப்புத் தோல்ல பச்சை ஏறினா முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிடும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவுல விடாம, முகத்துகிட்ட வெள்ளைக் காகிதம் காட்டி கஸ்டம் எடுங்க. 4க்கு 4 அடி தெர்மகோல் ரெண்டு, ஒண்ணு வெள்ளையா, ஒண்ணுல கறுப்புத் துணி ஒட்டி. லைட்டே வேணாம்.

கூத்து மேடையிலதான் லைட் வேணும். கட்டை வேஷத்துல (மரத்துல செஞ்ச அணிகலன் கட்டுற வேஷம்) கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கண்ணாடிச் சில்லு. நேர லைட் போட்டா ஒவ்வொரு சில்லும் கேமராவுக்குள்ள அடிக்கும். 45 டிகிரியில, தலைக்கு மேல உயரத்துல, முன்னாடி வெளிச்சத்தை மென்மையாக்குற டிஃப்யூஷன் துணி. திருவிழா சீரியல் பல்பு எல்.இ.டி.யா இருந்தா ஷட்டர் என்ன மாத்தினாலும் சிலது துடிக்கும். முந்தின நாளே 10 விநாடி எடுத்துப் பாருங்க. வேஷம் கட்ட ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் யூனிட்டை சும்மா வெச்சுக்காதீங்க, வேஷம் கட்டுறதையே எடுங்க. அதை விட நல்ல ஷாட் மேடையில கிடைக்காது.

சாமான் பெங்களூர்ல எடுத்தா கிட்டம், சென்னையை விட. ஆனா வாடகைக்கடை டெலிவரி சலான், சீரியல் நம்பர் லிஸ்ட் கையில இருக்கணும். மாநில எல்லையில அத்திப்பள்ளி, ஜூஜுவாடி பக்கம் நிறுத்திக் கேட்டா வாயால பதில் சொல்லி வேலைக்காகாது.

பம்பை_பென்னாகரம்:

நன்றி அண்ணா, நன்றி கட்டிங். அருவி முன்னாடி ஸ்லோ மோஷனில் பாடுகிற மாதிரி ஒரு ஷாட் மனசில் இருக்கிறது. 100 பிரேமில் எடுத்தால்?

கட்டிங்_டேபிள்:

100-இல் எடுத்து 25-இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவு. அப்போ உதடு சேர, பாட்டை நாலு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாடணும். 100 பிபிஎம் 400 ஆகும், யாராலும் பாட முடியாது. 50 பிரேம், ஷட்டர் 1/100, பாட்டு 200 சதவீத வேகம். அதுவும் "கா...விரியே" மாதிரி இழுவை உள்ள வரிக்கு மட்டும். குறில் அடுக்கி வருகிற வரியில் வாய் கிண்டல் செய்கிற மாதிரி தெரியும். இரட்டை வேகப் பாட்டை முந்தின வாரமே பாடகருக்கு அனுப்பிப் பழகச் சொல்லுங்க. வேகம் கூட்டும்போது சுருதி ஏறாமல் ஏற்றுமதி செய்யணும், இல்லாட்டி கேட்டதும் சிரிப்பு வந்துவிடும், அந்த டேக் போச்சு.

கார்டு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 4கே 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 12 செட்டப், ஒவ்வொன்றுக்கும் 3 டேக், முழுப் பாட்டும் எடுத்தால் 138 நிமிடம், 104 ஜிபி. ஸ்பாட்டிலேயே இரண்டு எஸ்.எஸ்.டி.யில் காப்பி. இரண்டையும் ஒரே வண்டியில் ஊருக்குக் கொண்டு வராதீங்க.

பத்திரம்_படி:

ஒப்பந்தம் பற்றி. முதலில் சொந்தப் பாட்டையே சரிபார்க்கவும். பாட்டை ஏதாவது லேபிளுக்கு (இசை நிறுவனத்துக்கு) கொடுத்திருந்தால், மெட்டும் வரியும் உங்களுடையவையாக இருந்தாலும் ஒலிப்பதிவின் உரிமை அவர்களிடம் இருக்கலாம். அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் அதன் மேல் வீடியோ வைக்க முடியாது. விநியோக நிறுவனம் மூலம் வெளியிட்டிருந்தால் யூடியூபில் உங்கள் வீடியோ மீது அவர்களே கண்டென்ட் ஐடி (யூடியூப் தானாகப் பாட்டை அடையாளம் காணும் முறை) வழியாக உரிமைக் கோரிக்கை வைப்பார்கள். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வீடியோவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண்) தனி. பாட்டின் எண்ணையே போட்டுவிட்டால் பின்னால் கணக்குக் குழம்பும்.

அடுத்தவர் பாட்டுக்கு இயக்கும்போது, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உங்களுக்கு எதிராகத்தான் தொடங்குகிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே வீடியோவின் முதல் உரிமையாளர், வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய. 2012 திருத்தம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமையைத் தந்தது. இயக்குநருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாட்டுக்காரராக இருந்த பழக்கத்தில் "ராயல்டி வரும்" என்று சம்பளத்தைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். இந்தத் துறை மாறுபவர்கள் செய்கிற பெரிய தவறு அதுதான். இயக்குநருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு தொகை மட்டுமே.

எழுதி வாங்க வேண்டியவை: ஷோரீலில் (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பில்) பயன்படுத்தும் உரிமை, "இயக்கம்" என்ற கிரெடிட் வீடியோவிலும் டிஸ்கிரிப்ஷனிலும் எந்த எழுத்தில் வரும் என்பது, எத்தனை முறை திருத்தம் (இரண்டு போதும், மூன்றாவதுக்குத் தனிக்கட்டணம்), இயற்கையால் ஷூட் நின்றால் அந்த நாள் செலவு யாருடையது. ஒகேனக்கல் மாதிரி இடத்துக்குக் கடைசியில் சொன்னது இல்லாமல் கையெழுத்தே போடாதீர்கள். பணம் 50 சதவீதம் முன்பணம், ஷூட் முடிந்த அன்று 30, வாட்டர்மார்க் போட்ட காப்பி பார்த்த பிறகு, மாஸ்டர் ஃபைலுக்கு முன் 20. மாஸ்டர் போய்விட்டால் அந்த 20 வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் உங்களுக்கு முக்கியம். பில், பான் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். கிரெடிட்டில் வருகிற பெயர் வேறாக இருக்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆவணத்தில் இன்னும் பழைய பெயர் இருந்தால் ஒப்பந்தத்தில் "தொழிற்பெயர்" என்று புதுப் பெயரைப் போட்டு, விளம்பரத்திலும் பேட்டியிலும் தொழிற்பெயர் மட்டுமே வர வேண்டும், ஆவணப் பெயரை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாததால்தான் பலரின் பழைய பெயர் போஸ்டரில் வந்து நிற்கிறது. பான் தராவிட்டால் டி.டி.எஸ். 10 சதவீதத்துக்குப் பதில் 20 பிடிப்பார்கள்.

அரூர்_அக்கா:

மூணு பேரும் கேமராவுக்குப் பின்னாடி நடப்பதைச் சொல்லிட்டாங்க. முன்னாடி நிற்கிற ரெண்டு பசங்களைப் பத்தி யாரும் சொல்லலையே.

நடிக்கிறவங்க வீட்டில் தெரியுமா, தெரியாதா என்று முதலில் கேளுங்க. கதையில் காதலிக்கிறவரா நடிச்சாலே ஊரில் முத்திரை குத்திடும், அவர் யாராக இருந்தாலும். சம்மதக் கடிதத்தில் வெறும் "நடிக்கச் சம்மதம்" போதாது. எந்தக் காட்சி, தம்ப்நெயிலில் முகம் வருமா, பெயர் வருமா, ஷார்ட்ஸ் வெட்டிப் போடுவீங்களா, எத்தனை நாளுக்குள் விலகிக்கலாம் என்று தனித்தனியாகக் கையெழுத்து. வீடியோவை யூடியூபில் பார்க்கிறவங்களை விட வாட்சப்பில் வர ஒரு படத்தைப் பார்க்கிறவங்க அதிகம். அந்தத் தம்ப்நெயில்தான் பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகும்.

நெருக்கமான காட்சியை ஒகேனக்கல்லில் எடுக்காதீங்க. சுற்றுலாக்காரர் போன் பத்தாவது உங்களைத் தனியா எடுத்துக்கிட்டிருக்கும், உங்க வீடியோவுக்கு முன்னாடி அது வெளியே வரும். நம்ம பக்கம் ஜோடியா யார் நின்னாலும் முதலில் ஊரைக் கேட்பாங்க, அடுத்து சாதியைக் கேட்பாங்க, அப்புறம்தான் கேமராவைப் பார்ப்பாங்க. ஆற்றில் நடக்கிறது, பரிசல், பார்வை இதெல்லாம் வெளியில். தொடுகிறது எல்லாம் உள்ளே, எழுதிச் சம்மதித்த வீட்டுக்காரர் வீட்டில், ஐந்து பேருக்கு மேல் இல்லாமல், எல்லார் போனும் வாசலில் ஒரு பையில். மானிட்டர் சுவர் பக்கம் திரும்பி இருக்கணும். ஒரே லென்ஸ், ஒரே நேர வெளிச்சம் பிடிச்சா வெளியில் எடுத்ததும் உள்ளே எடுத்ததும் ஒட்டிக்கும். கூத்துக் குழுவிடமும் கதையை முழுசாச் சொல்லிட்டு அட்வான்ஸ் கொடுங்க. ஆண் பெண் வேஷம் கட்டுறது அவங்களுக்குத் தலைமுறைப் பழக்கம், ஆனா அதுவும் உங்க கதையும் ஒண்ணு என்று நீங்களே முடிவு பண்ணிடக் கூடாது.

எழுதும்போது சொல்லும் கவனம். 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்புக்குப் பிறகு, 2022-இல் தமிழக அரசு இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் (குயர்), திருநம்பி எல்லாம் அதில் இருக்கு. பத்திரிகைக் குறிப்பில் அந்தச் சொற்களைப் போட்டு அனுப்புங்க, இல்லாட்டி அவங்க கையில் கிடைச்ச பழைய சொல்லைப் போடுவாங்க.

பெயர் விழுறதைப் பத்திக் கேட்டீங்க. அமெரிக்கப் பாடகி ஹேலி கியோகோ 2015-இல் தன் பாட்டு வீடியோவை இன்னொருத்தரோடு சேர்ந்து தானே இயக்கினாங்க, ரெண்டு பெண்களின் காதல். அதற்கப்புறம் தன் வீடியோக்களை இயக்குறதே அவங்க அடையாளமா ஆச்சு. தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாச் சொன்ன அமெரிக்கப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் 2021-இல் தானு முயினோவோடு சேர்ந்து இயக்கின வீடியோவுக்கு எம்டிவியின் அந்த ஆண்டு வீடியோ விருது கிடைச்சது. ரெண்டிலும் கவனிக்க வேண்டியது, தனியா இயக்கலை. பாட்டுக்காரர் கதையையும் உடம்பையும் தாளத்தையும் பார்த்துக்கிட்டார், ஷாட் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில் இருந்தார். முதல் வீடியோவில் இணை இயக்குநர் வெச்சுக்கிறது கௌரவக் குறைச்சல் இல்லை.

பத்திரம்_படி:

இணை இயக்கம் என்றால் இறுதி எடிட் யார் சொல் என்பதையும் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் இரண்டு பெயர் போட்டால் மூன்றாவது வாரம் சண்டை.

கட்டிங்_டேபிள்:

அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துவரலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு லேபிளும் பட்ஜெட்டும் பின்னால் இருந்தது, நமக்கு அது பாடமாகாது. இங்கே வேலை கொடுக்கிறவர் ஷோரீலில் முதல் 15 விநாடியைத்தான் பார்க்கிறார். அந்த 15 விநாடியில் கதை தெரிய வேண்டாம், சிங்க்கும் வெளிச்சமும் தெரியட்டும். பம்பைக் குச்சி விழுகிற க்ளோஸப், பரிசல், கிரீடம். மொத்த ரீல் 75 விநாடி. அதற்கப்புறம் கோயில் பாட்டுக்காரரா, கல்யாண ஆல்பம்காரரா, யார் வந்தாலும் வருவார்கள்.

அரூர்_அக்கா:

கதையை மறைச்சு வெச்சு வாங்கின வேலையில், கதை தெரிஞ்ச அன்னைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பாங்க. ரீல் உங்க இஷ்டம். அனுப்புற மெயிலில் முழு வீடியோ லிங்க்கும் இருக்கட்டும், பார்த்துட்டு வர்றவங்க வரட்டும்.

பம்பை_பென்னாகரம்:

இரண்டும் வைக்கிறேன். கடைசியாக ஒன்று. உள்ளே எடுக்கிற காட்சியை எந்த நாளில் வைப்பது?

ஓசூர்_லைட்மேன்:

ரெண்டாம் நாள் காலையில தோப்பு, மத்தியானம் வீடு, சாயங்காலம் கூத்து. மத்தியான வெயில் வெளியில எதுக்கும் உதவாது. வீட்டு ஜன்னல்ல வெள்ளை வேட்டி ஒண்ணை இழுத்துக் கட்டிட்டா அதுவே உங்க லைட். முதல் நாள் முழுக்க பசங்க ரெண்டு பேரும் பரிசல்ல ஒண்ணா நனைஞ்சிருப்பாங்க, கூச்சம் போயிருக்கும். வேஷம் கட்ட ஆரம்பிக்கிற நேரத்துக்குள்ள, நாலு மணிக்கு, வீட்டுல பேக்கப் சொல்லிடுங்க.